கிரீடம் அவள் தலையிலேயே இருக்கட்டும்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரலாம் என்று படுத்திருந்தேன். தலைக்கு மேலே ஒரு சத்தம்.

டக்... டக்... டக்...

வெள்ளவத்தையில் ஃபிளாட் ஒன்றில் குடியிருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மேல் வீட்டுக்காரரின் தரைதான் நம்முடைய கூரை. அங்கே உளுந்து அரைத்தால் இங்கே நம் தூக்கம் அரைபடும். ஆனால் இது கிரைண்டர் இல்லை. ஹீல்ஸ்! முன்னறை ஹோலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நிதானமாகப் போகிறது. நிற்கிறது. திரும்புகிறது. மறுபடி வருகிறது.

ஹீல்ஸ் சத்தத்துக்கு யாராவது பயப்படுவார்களா? நான் பயந்தேன். அந்த மாதம் முழுக்க நான் எதற்குத்தான் பயப்படவில்லை!

மேல் வீட்டில் இருப்பது ராஜி, அவருடைய கணவர், அவர்களுடைய ஒரே மகள் நிவேதா. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். நாளைக்கும் லிப்டில் முகத்தைப் பார்க்க வேண்டுமே!) நிவேதா போன வருடம் வெளிநாட்டில் நடந்த ஒரு சர்வதேச அழகிப் போட்டியில் இரண்டாவதாக வந்த பிள்ளை. பெயர் சொன்னால் உலகமே எழுந்து நிற்கும் போட்டி இல்லைதான். இருந்தாலும் அத்தனை நாடுகளுக்கு நடுவில் எங்கள் லேன் பிள்ளை இரண்டாமிடம் என்றால் சும்மாவா? சந்திப் பழக்கடைக்காரர் "அபே நங்கி!" (எங்கள் தங்கச்சி) என்று சிங்களத்தில் கொண்டாடி, அன்னாசிப்பழம் ஒன்றைச் சும்மா கொடுத்தார். அந்த மனிதர் சும்மா கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் வாழ்த்த வந்த சனம் எல்லாம் தட்டிலிருந்த ரோல்ஸைக் கையில் எடுத்தவுடன் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"அப்ப முதலாவது ஆர்?"

பாருங்கள், இரண்டாவதாக வந்தவர்களின் கதை என்றைக்கும் இதுதான். கொட்டாஞ்சேனையில் நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் உலக அழகிகளைப் பத்திரிகையில்தான் பார்ப்போம். கறுப்பு வெள்ளைப் படம். இடம் போதாதென்று நடுவில் நிற்பவளை மட்டும் வெட்டிப் போடுவார்கள். அவளுடைய தோளில் ஒரு கை மட்டும் மிஞ்சியிருக்கும். யாருடைய கை? அக்காவும் நானும் அந்தக் கைக்குச் சொந்தக்காரி எப்படி இருப்பாள் என்று மணிக்கணக்கில் கதைப்போம். பிறகு டிவி வந்தது. கடைசி இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அறிவிப்பாளர் வாயைத் திறப்பார்... விளம்பரம் வரும். பெயரை வாசித்ததும் தோற்றவள்தான் முதலில் சிரிக்க வேண்டும். அழுவதற்கு உரிமை ஜெயித்தவளுக்கு மட்டும்! இப்போதோ ஃபோன் காலம். தோற்றவளின் முகம் மாறுகிற அந்தக் கணத்தை மெதுவாக ஓட்டி, அடியில் பாட்டும் போட்டு, உலகம் பூராவும் அனுப்புகிறார்கள்.

எங்கள் கொழும்பிலேயே ஒரு போட்டியில், மேடையில் வைத்த கிரீடத்தை மேடையிலேயே கழற்றி எடுத்ததையும் நாம் பார்த்தவர்கள்தானே? ஒவ்வொரு போட்டியிலும் ஒரு வசனம் சொல்லுவார்கள்: முடிசூடியவரால் கடமையைச் செய்ய முடியாமல் போனால், இரண்டாவதாக வந்தவர் அந்த இடத்துக்கு வருவார். இந்த வசனத்தை யாராவது காதில் போட்டுக்கொள்கிறோமா? நானும் போட்டதில்லை. போன மாதம் வரைக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

நிவேதாவின் படம் பத்திரிகைகளில் வந்த கையோடு சம்பந்தங்கள் வரத் தொடங்கின. அதில் ஒன்று பொருந்தியது. மாப்பிள்ளை கஜன். கனடா. பொறுமையான பிள்ளை, ஒரு கேள்வி கேட்டால் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வான். நிவேதாவுக்கும் பிடித்திருந்தது. கனடா மாப்பிள்ளை என்றால் நம்மவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? எழுத்து! ரெஜிஸ்ட்ராரை வீட்டுக்கு அழைத்துப் பதிவை முடித்துவிடுவார்கள். பதிவு இருந்தால்தான் பெண்ணைக் கனடாவுக்கு எடுக்கும் ஸ்பொன்சர் வேலையைத் தொடங்கலாம். தாலி, கலியாண ஹோல், மேளம், சாப்பாடு எல்லாம் பிறகு. எழுத்து முடிந்த பெண் அன்று இரவும் அப்பா வீட்டில்தான் சாப்பிடுவாள். சட்டத்துக்கு அவள் ஒருவனின் மனைவி. நமக்கு அவள் இன்னும் கலியாணம் முடிக்காத பிள்ளை. இரண்டையும் நாம் மனதார நம்புவோம், அதுதான் விசேஷம்.

கஜன் கொஞ்ச நாள் லீவில் வந்தான். எழுத்து நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் நான் ஒருத்தி. சாப்பிடக் கொடுத்த பெட்டிஸ் நன்றாக இருந்தது.

எழுத்துக்கு முதல் நாள் நிவேதா ஒரு வார்த்தை சொன்னாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அம்மா, அடுத்த போட்டி நடக்கும் வரைக்கும் இந்தப் போட்டியில நிண்ட நாங்கள் ஒருத்தரும் கலியாணம் முடிக்கேலாது. நான் சைன் பண்ணியிருக்கிறன்."

"இது கலியாணமே?" என்றார் ராஜி. "எழுத்து தானே, பிள்ளை!"

நான் தலையாட்டினேன். அதோடு, இரண்டாவதாக வந்தவளை யார் கவனிக்கப் போகிறார்கள்?

கவனித்தார்கள். போன மாதம் ஒரு நாள் ராஜி ஃபோனும் கையுமாகக் கீழே ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஸ்டெல்லா அக்கா... முதலாவதா வந்த பிள்ளைக்கும் போட்டிக்காரருக்கும் சண்டையாம். அவள் கிரீடத்தைத் திருப்பிக் குடுக்கப் போறாளாம்."

"அட, நல்ல விஷயம் தானே! அப்ப எங்கட நிவேதாவுக்கு..."

அப்போதுதான் எனக்கு எழுத்து ஞாபகம் வந்தது. நானும் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கிரீடம் கிடைத்தால் படம் போடுவார்கள். பேட்டி எடுப்பார்கள். கனடாவில் இருக்கும் யாரோ ஒரு மாமி "எங்கட கஜன்ர வைஃப்" என்று பெருமையாக ஒரு வரி எழுதினால் போதும். பொய் சொல்லி ஏமாற்றியவள் என்று உலகம் முழுக்க அந்தப் பிள்ளையின் பெயர் நாறிவிடும். எழுத்தில் சாட்சி யார்? இந்தப் பத்தியை எழுதுகிறவள்!

அன்றிலிருந்து தொடங்கியது எங்கள் பிரார்த்தனை. இரண்டாவதாக வந்தவளின் வீட்டார், முதலாவதாக வந்தவளின் கிரீடம் விழக்கூடாது என்று நேர்த்தி வைத்ததை உலகத்தில் வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ராஜி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். நான் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர் அவர். இந்த முறை எதுவும் தொலையாமல் பார்த்துக்கொள்ளும் ஐயா, அது அந்தப் பிள்ளையின் தலையிலேயே இருக்கட்டும் என்று கேட்டேன். அவளுடைய பெயரை ஒழுங்காக உச்சரிக்கவும் எனக்கு வராது. எங்கேயோ தென் அமெரிக்காவில் இருக்கிறாள். அவருக்கு விளங்கியிருக்கும்.

ராஜி தெரிந்த லோயர் ஒருவருக்கும் ஃபோன் எடுத்தார். எழுத்தைக் கொஞ்ச நாளைக்குக் கான்சல் பண்ணி வைக்கலாமா என்று கேட்பதற்கு.

"மிஸிஸ், கான்சல் எண்டு ஒண்டும் இல்லை. டிவோர்ஸ்தான். கோர்ட்டுக்குப் போகோணும்."

"ஐயோ, கலியாணமே கட்டாமல் டிவோர்ஸோ!"

ராஜியின் கணவர் ஒரே வரியில் முடித்தார்: "வாயை மூடிக்கொண்டு இருந்தா ஆருக்குத் தெரியப்போகுது?" எனக்குத் தெரியுமே, ஐயா! அதற்குப் பிறகு ஃபோன் அடித்தாலே எனக்கு நெஞ்சு திக்கென்றது. மீன்காரன் எடுத்தாலும் திக்தான்.

இந்த நிலையில்தான் அந்த மத்தியானம். டக்... டக்... டக்...

ராஜி கோயிலுக்குப் போயிருந்தார். அவருடைய கணவர் வெளியில். வீட்டில் இருந்து வேலை செய்கிற பிள்ளை தனியாக. ராஜியும் நானும் கிரீடம் வரக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டிருக்க, அவள் மேலே மேடைக்கு நடந்து பார்க்கிறாள்! அவளுக்கு அது வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது அந்த நடையிலேயே கேட்டது. எங்களில் ஒருவரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. நான் படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ராஜியிடம் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு அந்தோனியாரிடம் என்ன கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஈமெயில் வந்தே விட்டது. அந்தத் தென் அமெரிக்கப் பெண் விலகிவிட்டாள். அடுத்தது நீங்கள். ஒப்பந்தப்படி இன்னும் திருமணமாகாதவர்தான் என்பதை உறுதிப்படுத்தி உடனே பதில் அனுப்புங்கள்.

மேலே சத்தம் கேட்டு ஓடினேன். ராஜி மகளின் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஓம் எண்டு எழுது, பிள்ளை. தாலி ஏறேல்லைத் தானே! அது பொய்யே?"

"அனுப்பிட்டன், அம்மா."

"என்னெண்டு?"

"ரெஜிஸ்டர் பண்ணிட்டன் எண்டு."

ராஜி பொத்தென்று செற்றியில் விழுந்தார். நிவேதா என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் அழவில்லை.

"வேற என்ன செய்யிறது, அன்ரி? கிரீடத்தை வைச்சுக்கொண்டு ஒவ்வொரு ஃபோனுக்கும் பயந்து பயந்து இருக்க என்னால ஏலாது. நீங்கள் ஒரு மாசத்திலயே எப்பிடி மெலிஞ்சு போனீங்கள், பாருங்கோ!"

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. கிரீடம் மூன்றாவதாக வந்தவருக்குப் போகிறது. ஒப்பந்தத்தை மீறியதால் உங்களுடைய இரண்டாமிடமும் ரத்தாகிறது. போட்டியின் பக்கத்திலிருந்து அவளுடைய பெயரையும் படத்தையும் எடுத்துவிட்டார்கள். தோளில் மிஞ்சுகிற அந்தக் கையும் இல்லை.

அதற்குப் பிறகு மேலே சத்தமே இல்லை. இப்படி ஒரு அமைதியைத்தானே நானும் விரும்பினேன்? ஆனால் அந்த நிசப்தம் ஹீல்ஸ் சத்தத்தை விட மோசமாக இருந்தது. மத்தியானங்களில் கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பேன். ஒரு கதிரை இழுபடாதா? ஒரு கரண்டியாவது விழாதா? பொறுக்க முடியாமல் ஒரு நாள் மீன் கட்லட் பொரித்து எடுத்துக்கொண்டு போனேன். நிவேதா ஃபோனில் கஜனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். திரையை என் பக்கம் திருப்பினாள். அங்கே அவனுக்கு விடியவும் இல்லை போல, போர்வையோடு இருந்தான்.

"தம்பி, உங்கட அவசரத்துக்கு நாங்கள் ஓடப்போய், கடைசியில பிள்ளைக்கு..." என்று இழுத்தேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"எனக்கென்ன அவசரம், அன்ரி? என்னைக் கேட்டிருந்தா நான் ஒரு வருஷம் நிண்டிருப்பன் தானே. ஒருத்தரும் கேக்கேல்லை."

சாத்திரியாரைக் கேட்டோம். ரெஜிஸ்ட்ராருக்கு எந்த நாள் வசதி என்று கேட்டோம். பெட்டிஸுக்கு மரக்கறியா மீனா என்று இரண்டு தரம் கேட்டோம். இந்தப் பையனை, இந்தப் பெண்ணை...? பக்கத்தில் இருந்த ராஜி எழுந்து குசினிக்குள் போய்விட்டார். எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. கட்லட் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

இனி இந்தக் கிழமைச் செய்தி.

நேற்று முன்தினம் மத்தியானம் கண்ணயரும் நேரம்... டக். டக். டக்.

லிப்ட் வேலை செய்யவில்லை. முழங்கால் வலியையும் மறந்து படியேறி ஓடினேன். கதவு திறந்திருந்தது. ஹோல் நடுவில் நிவேதா ஹீல்ஸோடு நிற்கிறாள்.

"என்ன பிள்ளை இது? மறுபடியும் ஈமெயில் வந்ததே?"

"இல்லை, அன்ரி. இது வேற. மிஸிஸ் போட்டி. கலியாணம் முடிச்ச ஆக்களுக்கு. கஜனைக் கேட்டனான், ஓம் எண்டிட்டார்."

குசினிக்குள்ளிருந்து ராஜியின் குரல் பாய்ந்து வந்தது.

"தாலி ஏற முதல் மிஸிஸோ! சனம் என்ன கதைக்கும்? அது வெறும் எழுத்து தானே!"

"எழுத்து எண்டாலே கலியாணம்தான் எண்டு அந்தப் போட்டிக்காரரே சொல்லிட்டாங்கள், அம்மா. வேணுமெண்டா கேளுங்கோ, சாட்சி அன்ரி இந்தா நிக்கிறா."

ராஜி கரண்டியோடு வெளியே வந்து என்னைப் பார்த்தார். நிவேதாவும் பார்த்தாள். இந்த முறை நான் தலையாட்டவில்லை. வாயைத் திறந்து சொன்னேன்:

"போ பிள்ளை, நல்லா நட. முதலாவதா வா, இல்லாட்டிக் கடைசியா வா. ரெண்டாவதா மட்டும் வந்திடாதை, என்ர நெஞ்சு தாங்காது!"