மூக்கை நம்பி இறங்கியவர்கள்

இந்த நினைவு மலருக்கு அப்பாவைப் பற்றி எழுதித் தரும்படி தம்பி மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் களைப்பாக இருக்கிறது என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். அது பொய்யில்லை. அப்பா படுக்கையில் இருந்த இரண்டு ஆண்டுகளில் சேர்ந்த களைப்பு, அவர் போய் ஓராண்டு ஆகியும் உடம்பைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் மூத்தவள் நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

அப்பா கலவை என்ற ஊருக்கு அருகே விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாலாஜாபேட்டையில் இருந்த அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலை ஒன்றில் தோலுக்குச் சுண்ணாம்பு போடும் வேலையில் சேர்ந்தார். திருமணத்துக்குப் பிறகு ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனிக்கு வந்தார். கம்பெனி கொடுத்த வீட்டில்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். அப்பாவுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார்; மூன்றாம் நாள் கறி வாங்கிக்கொண்டு வந்து அடுப்படியில் நிற்பார். அதுதான் சமாதானம் என்று நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனியின் கழிவுநீர் வந்து சேரும் தொட்டிக்கு அப்பா மேஸ்திரியாக இருந்தார். அதன் அடியில் தோலிலிருந்து கழிந்த முடியும் கொழுப்பும் சுண்ணாம்பும் சேறாகப் படியும். மாதம் ஒருமுறை ஆட்கள் இறங்கி அள்ள வேண்டும். சேற்றுக்குள் விஷவாயு அடைந்து கிடக்கும். அப்பா முதல் நாளே மூடிகளைத் திறந்து வைப்பார். மறுநாள் நீண்ட மூங்கிலால் சேற்றைக் கிளறிவிட்டுக் காத்திருப்பார். பிறகு தொட்டியின் வாயில் குனிந்து மோந்து பார்ப்பார். “இன்னா மேஸ்திரி, இறங்கலாமா?” என்று சுற்றி நிற்பவர்கள் கேட்பார்கள். அவர் தலையசைத்த பிறகுதான் முதல் ஆள் இறங்குவார். மற்றவர்களுக்குத் தெரியாத அளவு லேசாக அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலும் அன்றைக்கு வேலை கிடையாது.

புதிதாக வருபவர்களுக்கு அவர் ஒன்று சொல்வார். “நாத்தம் அடிக்கிற வரைக்கும் நமக்குத் தெரியும், ஏறிடலாம். அடிச்சிக்கினு இருந்த நாத்தம் திடீர்னு நின்னுடுச்சுன்னா காத்து சுத்தமாய்டுச்சுன்னு நெனைக்காத. வாயு ஜாஸ்தியாய்டுச்சு, மூக்கு செத்துடுச்சுன்னு அர்த்தம். அப்பதான் ஓடணும்.”

இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொட்டியில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதனால் அப்பாவுக்கு மூக்கு மேஸ்திரி என்று பெயர் வந்தது. உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணி அண்டாவைத் திறந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, “உப்பு சரியா பாரு மாமா, மோந்தாலே உனக்குத் தெரியுமே” என்று கிண்டல் செய்தவர்கள் இந்த மலரையும் வாசிப்பார்கள். வாயுவை அளக்கும் மீட்டரும் காற்று ஊதும் இயந்திரமும் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டபோது மேனேஜர் சிரித்தாராம். “உங்க மூக்கு இருக்கும்போது மீட்டர் எதுக்கு மேஸ்திரி?” அப்பா இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். நாங்களும் பெருமைப்பட்டோம். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் நர்சிங் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த சமயம், தொட்டிக்குள் இறங்கிய செல்வம் அண்ணன் இரண்டு வாளி அள்ளுவதற்குள் மயங்கி விழுந்தார். எப்போதும் முதலில் இறங்குபவர் அவர்தான். இடுப்பில் கயிறு கட்டாமல் அப்பா யாரையும் இறக்கியதில்லை என்பதால் மேலே இழுத்துப் போட முடிந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். வாயு திடீரென்று கிளம்பினால் மேஸ்திரி என்ன செய்வார் என்று எல்லோரும் பேசினார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பால் தீய்ந்து வீடு முழுக்கக் கமறியது. அடுப்புக்கு இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்பா, பால் தீஞ்சி போச்சே, வாசனை வரல?”

திரும்பிப் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “எனக்கு ஒரு வருஷமா எந்த வாசனையும் தெரியலம்மா.”

“அப்ப செல்வம் அண்ணன் இறங்கச்சொல்ல மோந்து பாத்தியேப்பா?”

“தெரியல. தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்.” கொஞ்ச நேரம் பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தார். “நாளைக்குப் போயி சொல்லிடப் போறேன்.”

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வேணாம்பா. இன்னும் எட்டு மாசம் பொறுத்துக்கோ, என் படிப்பு முடிஞ்சிடும். இப்ப சொன்னா வேலையும் போய்டும், வீட்டையும் காலி பண்ணச் சொல்வாங்க. அதுக்குள்ள யாருக்கும் ஒண்ணும் ஆவாது.”

அப்பா என்னைத் திட்டவில்லை. “அடுத்த மாசமும் ஆள் இறங்கணுமேம்மா” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் நேராகத் தொட்டிக்குப் போய் எல்லோரையும் கூப்பிட்டார். “எம்மூக்கு செத்து ஒரு வருஷமாச்சு. அத நம்பி இனிமே யாரும் இறங்காதீங்க. மீட்டர் வர்ற வரைக்கும் மூடியவே தெறக்காதீங்க” என்றாராம். சிலர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். திட்டாமல் என்ன செய்வார்கள்? ஒரு வருடம் அவர் தலையசைப்பை நம்பி உயிரைக் கொண்டுபோய் இறக்கியவர்கள். அப்பா நின்று கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் யாரும் இறங்கவில்லை. தொட்டி நிரம்பி வேலை நின்ற பிறகுதான் மீட்டரும் காற்று ஊதும் இயந்திரமும் வந்தன. அப்பாவை கேட் வாட்ச்மேன் வேலைக்கு மாற்றினார்கள். வாட்ச்மேனுக்கு வீடு கிடையாது என்பதால், நான் பயந்தபடியே வீட்டைக் காலி செய்தோம். சபையார் உதவியால் என் படிப்பும் முடிந்தது.

இன்று நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். தொட்டியில் மயங்கியவர்கள் என்று இன்னும் கொண்டுவருகிறார்கள். மீட்டர் இல்லையா என்று உடன் வந்தவர்களிடம் கேட்பேன். இருக்குது சிஸ்டர், பேட்டரி இல்ல என்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அடுத்த முறையும் கேட்கத்தான் போகிறேன்.

கடைசி இரண்டு ஆண்டுகள் அப்பாவின் நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்திருந்தோம். அம்மா கண்ணயர்ந்த நேரங்களில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார், வாரந்தோறும் ஜெபிக்க வந்த போதகர், லீவு கேட்டபோதெல்லாம் தங்கள் ஓய்வு நாளை எனக்குத் தந்த சக செவிலியர்கள், அடக்க நாளில் மழையில் நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

செல்வம் அண்ணே, தினமும் காலையில் வந்து அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, முதுகு துடைத்து, சட்டை மாற்றிவிட்டுப் போனவர் நீங்கள். போகும்போது ஒவ்வொரு நாளும் என்னிடம், “நீயும் கொஞ்சம் படுத்துக்கோம்மா” என்று சொல்வீர்கள். அப்பா ஒரு வருடம் மறைத்தது உங்களுக்குத் தெரியும். அதை மன்னித்தும் விட்டீர்கள். இன்னும் எட்டு மாதம் மறைக்கச் சொன்னவள் நான் என்பதை அப்பா உங்களிடம் சொல்லவே இல்லை. அப்பா என் பேச்சைக் கேட்டிருந்தால், அடுத்த மாதம் நீங்கள்தான் முதலில் இறங்கியிருப்பீர்கள். நினைவு ஆராதனையில் இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நான் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். படித்துவிட்டு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், அண்ணே.