மரியதாசன் அண்ணை சூடாக்கிய அலுவலகம்

வியாழக்கிழமை காலை மரியதாசன் அண்ணையின் மகள் தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், அப்பா மோசம் போயிட்டார்" என்றார். இந்த வயதில் இப்படியான சாவுச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அழக்கூடக் களைப்பாக இருக்கிறது.

அண்ணை மன்னார்க்காரர். எண்பதுகளின் நடுவில், மனைவியையும் நடை பழகும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு டென்மார்க்கில் சில்க்போர்க் பக்கம் வந்து சேர்ந்தார். எங்கள் கொம்யூன் அலுவலகத்தில், அதாவது நகரசபையில், கொதிகலனைப் பார்க்கும் வேலை கிடைத்தது. அன்று ஐரோப்பாவில் இன்னும் எத்தனையோ பள்ளிகளும் அலுவலகங்களும் பழுப்பு நிலக்கரியில்தான் சூடாகின. டென்மார்க்கில் அது அருகிவிட்டது. எங்கள் பழைய கட்டடம் மட்டும் விடாப்பிடியாக அதையே தின்றது. ஜெர்மனியிலிருந்து கட்டி கட்டியாக வரும். சூடு கொஞ்சம், சாம்பல் மலையளவு. ஊழியர்கள் வருமுன் அண்ணை சாம்பலை வாரிக் கொட்டி நெருப்பை எழுப்பிவிடுவார். ஞாயிறு தேவாலயப் பூசைக்கு வரும்போதும் அவரிடம் கந்தக மணம் இருக்கும்.

நான் அங்கே மொழிபெயர்ப்பாளன். குடும்பத்தை அழைக்க அவருடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவனும் நான்தான். அது மாடியில் ஏதோ ஓர் அலுமாரியில் இருப்பதாக அண்ணை நம்பினார். ஒரு மாரிக் குளிரில் காய்ச்சலோடு கரி அள்ளிக்கொண்டிருந்தார்.

"வீட்டை போய்ப் படுங்கோ அண்ணை."

"நான் படுத்தால் மேலை குளிரும் தம்பி. கை விறைச்சவன் ஃபைலைத் திறப்பானே?"

கோப்பு அங்கே இல்லை. அது கோப்பன்ஹேகனுக்குப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. அங்கே தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை எவரும் கையில் எடுப்பதில்லை என்று மாடியில் வேலை செய்த ஓர் அம்மையார் என்னிடம் சொல்லியிருந்தார். அண்ணையிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய சவளை வாங்கி நாலு தரம் கரி அள்ளிப் போட்டேன். அப்படியே இரண்டு மாரி போயிற்று.

பிறகு, தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை நீதியமைச்சரே முடக்கிவைத்த, 'தமிழர் வழக்கு' என்று நாடறிந்த அந்த விவகாரம் செய்தித்தாள்களில் வெளிவந்தது. அண்ணை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம் அண்ணை."

"சரி" என்றார். கீழே இறங்கிப் போனார். மறுநாளும் அலுவலகம் சூடாகவே இருந்தது. இனியும் ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "உள்ளுக்கை இருக்கிற சனத்துக்குக் குளிருமெல்லே" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

குடும்பம் வந்து சேர்ந்தபோது மகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்திருந்தது, தகப்பனைத் தெரியவில்லை. கொதிகலனைக் கழற்றிய பிறகு அண்ணை தொழிற்சாலை வேலைக்குப் போனார். பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போவது எனக்கு வழக்கமாயிற்று. பழையதை நாங்கள் ஒருநாளும் பேசவில்லை. மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று, சவப்பெட்டிக்கு அருகில் இருந்த அவர் மனைவியிடம் கேட்டேவிட்டேன். "அக்கா, அண்ணைக்கு என்னிலை கோபம் இருந்ததோ?"

"இருந்தது" என்றார். "கடைசி மட்டும் இருந்தது. அந்தக் கோபத்தோடைதான் ஒவ்வொரு ஞாயிறும், 'அவன் வருவான், தேத்தண்ணிக்குத் தண்ணி வை' எண்டு சொல்லுறவர்."

போய் வாருங்கள், அண்ணை. அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஞாயிறு பூசை முடிந்து எங்கே போவதென்று எனக்குத் தெரியவில்லை.