ராஜா ராணி நிற்கும் பெட்டிக்கு ஒரு வூஃபர்

அடிச்சத்தம் எழுப்பும் ஸ்பீக்கரான வூஃபரை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும், பெட்டியைப் பிறகு செய்ய வேண்டும் என்று விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் பெட்டியை முதலில் செய்துவிட்டேன். காரணம் தசரா.

எங்கள் மைசூர் வீட்டின் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் சப்வூஃபர் வைக்க ஒரே ஒரு மூலைதான் இருக்கிறது. தசரா வந்தால் அந்த மூலை பொம்மைகளுக்குப் போய்விடும். என் மனைவி கொள்ளேகால்காரி. கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்த ராஜா ராணி மரப்பொம்மைகளை அங்கே ஒரு ஸ்டூலின் மேல்தான் நிறுத்துவாள். ஸ்டூலுக்குப் பதில் பெட்டியையே வைத்துக்கொள்ளலாமே என்றேன். தையல் டேப்பை எடுத்து வந்து ஸ்டூலை அளந்தாள்.

"இதே ஒசரம், இதே அகலம். அப்புறம், நீங்க என்ன படம் போட்டாலும் ராஜா ராணி அசையக் கூடாதுங்க. அசைஞ்சா பொட்டி மாடிக்குப் போயிரும்."

"எவ்வளவு அசைஞ்சா?"

"அசைஞ்சாங்கறேன். அதுல என்ன எவ்வளவு?"

நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலை எனக்கு. 'எவ்வளவு' இல்லாத நிபந்தனை என்னை உட்காரவிடவில்லை.

ஸ்டூல் அளவிலேயே பிளைவுட் பெட்டியைச் செய்து முடித்தேன். பலகையின் கனத்தையும் உள்ளே கொடுத்த குறுக்குச் சட்டங்களையும் கழித்தால் ஐம்பது லிட்டர் காற்று மிஞ்சியது. வூஃபருக்கான துளையை மட்டும் போடவில்லை. ஒரு முறை வெட்டினால் வெட்டியதுதான். பெரிய துளையைச் சிறிதாக்க முடியாது. தசரா நெருங்கிக்கொண்டிருந்தது. ரயிலில் போகும்போதும் வரும்போதும் போனில் வூஃபர் அளவுகளைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைச் சுற்றி நடந்தேன்.

மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங் போன்றது. வூஃபரின் முகப்பில் முன்னும் பின்னும் அதிரும் கூம்பான கோன் உள்ளே போனால் எதிர்த்துத் தள்ளும். வூஃபருக்குப் பெட்டி சிறியதாகப் போனால் அந்த ஸ்பிரிங் விறைத்துக்கொள்ளும். மேளமும் இடியும் ஒரே 'தொம்'மாகக் கேட்கும். என் மனம் பன்னிரண்டு அங்குலத்தைக் கேட்டது. கணக்கு பத்துக்கு மேல் போகவில்லை.

தேவராஜ மொஹல்லாவில் ஸ்பீக்கர் விற்கும் கடைக்காரருக்கு இந்தக் குழப்பமே இல்லை.

"பன்னெண்டு ஹாக்கி சார், பன்னெண்டே போடுங்க. தெருவே அதிரும்."

"தெரு அதிர வேண்டாம். பெட்டி மேல பொம்மை நிக்கும், அது அசையாம இருக்கணும்."

"பொம்மையா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ ரேடியோ தகொள்ளி சார், அதையே வாங்கிக்குங்க. ராஜாவும் நிம்மதியா இருப்பார், நீங்களும் இருப்பீங்க."

இருந்தாலும் கடையில் என் பெட்டியளவே இருந்த ஒன்றில் பத்து அங்குல வூஃபரை ஓடவிட்டுக் காட்டினார். சத்தம் அருமை. நான் பெட்டியின் மேல் என் சாவிக்கொத்தை வைத்தேன். அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வந்து கீழே விழுந்தது. கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார்.

"ராணி பித்தோதுரு சார்," என்றார். ராணி விழுந்துவிட்டாராம்.

கோன் முன்னால் பாயும்போது பெட்டியைப் பின்னால் உதைக்கிறது. எட்டு அங்குலம் போட்டால் உதை குறையும். ஆனால் வயிறு வரை இறங்கும் கனம் சத்தத்தில் இருக்காது. எதுவும் வாங்காமல் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் காய்ந்த போர்வையை மடிக்க மனைவி கூப்பிட்டாள். ஆளுக்கு இரண்டு முனை. நான் வேறு நினைப்பில் தளர்வாகப் பிடித்திருந்தேன்; அவள் சுண்டி இழுத்ததும் தடுமாறி அவள் மேல் போய் விழப் பார்த்தேன்.

"பொட்டி நெனப்பா? சாக்குங்க, போதும். கெட்டியாப் புடிச்சு நீங்களும் இழுங்க."

இழுத்தேன். போர்வை பட்டென்று உதறி விறைத்தது. இருவரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

"இன்னொரு தடவை," என்றேன்.

"சுருக்கம் போயிருச்சுங்களே."

"பரவாயில்லை, இன்னொரு தடவை."

அன்று மாலையே திரும்பக் கணக்குப் போட்டேன். இரண்டு எட்டு அங்குல வூஃபர்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே பாயும், ஒரே நேரத்தில் உள்ளே வரும். ஒன்றின் உதையை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து லிட்டர் என்பது பொருத்தமான அளவு. இரண்டும் சேர்ந்தால் ஒரு பத்து அங்குலத்தை விடக் கோன் பரப்பு அதிகம். மூன்று முறை சரிபார்த்துவிட்டு ஒரே ஜோடியாக வாங்கினேன். இரண்டு துளைகளையும் வெட்டினேன்.

தசராவின் முதல் நாள் பெட்டியின் மேல் பட்டுத்துணி விரித்து, ராஜா ராணிக்குப் புது உடை கட்டி நிறுத்தினாள். பிறகு சோபாவில் உட்கார்ந்து, "போடுங்க," என்றாள். யானைப்படை வரும் போர்க் காட்சியைப் போட்டேன். திரையை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ராணியின் மூக்குத்தியில் தொங்கிய மணியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏத்துங்க."

ஏற்றினேன். என் தொடை வரை அதிர்ந்தது. மணி ஆடவில்லை.

"இன்னும்."

இன்னும் ஏற்றினேன். ராஜாவும் ராணியும் நேராக நின்றார்கள். சமையலறையில் மட்டும் ஏதோ கிணுகிணுத்தது. எழுந்து ஓடினேன். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. கையால் அழுத்தினேன், நின்றது, எடுத்தேன், தொடங்கியது. அடியில் ஃபெல்ட் துணி ஒட்டலாமா, எந்தச் சுருதியில் இது எழுகிறது என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"ஏனுங்க, இங்க வாங்க."

"டம்ளர் ஆடுது."

"டம்ளர நான் ஒண்ணும் சொல்லலைங்களே. பொட்டி அங்கயே இருக்கட்டும். வந்து படத்தப் பாருங்க, யானை போயிரும்."

போய் உட்கார்ந்தேன். யானைகள் போய்விட்டிருந்தன. ரிமோட்டை எடுத்துக் காட்சியை அவளே பின்னால் ஓட்டினாள்.