உறை பிரிக்காத நசீம் பானு

ஹயாத் பாஷாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, பகலில் அவரைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸாகப் பொன்னேரியில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் எதற்கும் உறை பிரிப்பதில்லை. டிவி ரிமோட், சோபா, சூட்கேஸ் எல்லாம் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக்கோடு இருந்தன. அவர் மனைவி நசீம் பானுவின் பழக்கம் அது. மெத்தை கெட்டுவிடும் என்று ரெக்சின் விரித்து, அதன்மேலேயே புருஷனையும் படுக்க வைத்திருந்தாள். ஒரே வாரத்தில் அவர் முதுகு சிவந்துவிட்டது. நான் ரெக்சினை உருவிப் போட்டுவிட்டுப் பருத்தித் துணி விரித்தேன்.

"காத்து படலன்னா தோல் வேர்த்து ஊறிப் போகும்மா" என்றேன்.

அவர் முதுகு ஆறும்வரை அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆறிய பிறகு எனக்குத் தரும் டீயில் சர்க்கரை கூடியது.

அடுப்பு வேலையில் நசீம் பானு கெட்டிக்காரி. ஹயாத் பாஷா துபாயிலிருந்து திரும்பியபோது கப்பலில் போட்டு ஒரு பெரிய கரண்ட் அடுப்பு கொண்டு வந்திருந்தார். மேலே நான்கு அடுப்பு, கீழே ஓவன், முன்னால் விரல் பட்டாலே வேலை செய்யும் கண்ணாடிப் பட்டை. அந்தக் கண்ணாடியின் மேலிருந்த மெல்லிய பிளாஸ்டிக் பிரிந்து வந்த இடத்தில் அவரே செலோ டேப் ஒட்டினார். அதில் மட்டும் இருவருக்கும் ஒரே மனது.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு நசீம் பானு கேக் போட்டு விற்க ஆரம்பித்தாள். ஒரு நிக்காஹ் வீட்டிலிருந்து ஆர்டர் வந்தது. புதுவாயல் பேக்கரிக்காரர், "அந்த நிக்காஹ் கேக்கைப் பார்த்துட்டு சொல்றேன். நல்லா இருந்தா தினமும் எடுத்துக்கறேன்" என்றிருந்தார். பேக்கரி ஆர்டர் கிடைக்காவிட்டால், வாடகைக்கு வழியில்லாமல் வீட்டைக் காலி செய்துவிட்டு, பழவேற்காட்டில் கொழுந்தன் தாஹா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தாஹா நல்லவர். ஆனாலும் இன்னொருத்தி அடுப்பங்கரையில் கேட்டுக் கேட்டு உப்பு எடுக்க நசீம் பானுவால் முடியாது.

நிக்காஹ்வுக்கு முந்தைய நாள் மாவு கலந்து வைத்த பிறகு ஓவன் கீ கீ என்று கத்தியது. கண்ணாடியில் ஓர் எழுத்தும் எண்ணும் மின்னி மின்னி மறைந்தன. தானாக அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி கத்தியது.

தாஹாவிடம் போனில் சொன்னாள். "விடுங்க அண்ணி. எங்கூட்ல இல்லாத சோறா? காலையில வண்டி எடுத்துக்கினு வரேன்" என்றார்.

போனை வைத்ததும், கும்மிடிப்பூண்டி கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருந்த யேசுதாஸைக் கூப்பிட்டாள். ஷிப்ட் முடிந்து நேராக வந்தான்.

"எப்பல்லாம் கத்துதுக்கா?"

"ஆறிக் கெடந்தா சும்மா கீது. சோறு வடிச்சி பால் காய்ச்சினா கத்துது. ஒரே பேஜாரு."

மெயினை அணைத்துவிட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். கண்ணாடியையும் உள்ளே இருந்த போர்டையும் இணைத்த நாடா போன்ற வயரை உருவினான்.

"இப்போ கரண்ட் விடறேன். கத்தினா போர்டு போச்சி. கத்தலன்னா கண்ணாடி."

கத்தவில்லை.

"போர்டு நல்லா கீது. கண்ணாடி மேல யாரோ விரலை வச்சிக்கினே கீறாங்கன்னு நெனச்சிக்குது. அதான் நின்னுடுது. வேற கண்ணாடி துபாய்லேர்ந்துதான் வரணும்."

நசீம் பானு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண்ணாடி இப்போது முகத்துக்கு நேராக இருந்தது. சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"சிஸ்டரம்மா, இங்க வாங்க. அவரு முதுகு மாதிரியே வேர்த்துக்கீது."

பிளாஸ்டிக்குக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். டேப் விட்ட இடுக்கு வழியாகச் சோற்று ஆவி உள்ளே போயிருந்தது.

யேசுதாஸ் சிரித்துவிட்டான். "தண்ணியும் அதுக்கு விரல்தான்க்கா." ஓரத்தில் நகத்தை வைத்தான்.

"இரு. அவரு ஒட்டினது" என்று எழுந்து உள்ளே போனாள்.

ஹயாத் பாஷாவுக்குப் பேச்சு குழறும். "அந்த பிளாஸ்டிக்க எடுக்கணுமாம். எடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எத்தினி வருசம் புதுசாவே இருக்கும்? உரி" என்றார்.

அவளே உரித்தாள். துணியால் ஒற்றி, ஃபேனைத் திருப்பிக் காயவிட்டு, நாடாவை மாட்டினான் யேசுதாஸ். ஓவன் சத்தமில்லாமல் சூடேறியது. நசீம் பானு கதவின் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சூடு பொறுக்காமல்தான் எடுத்தாள்.

காலையில் தாஹா வந்தபோது கேக் பெட்டிகள் வாசலில் தயாராக இருந்தன. ஆளை ஏற்ற வந்த வண்டியில் கேக்கை ஏற்றி நிக்காஹ் வீட்டில் இறக்கினார். மறுநாளே தினப்படி கேக் எடுக்க பேக்கரியிலிருந்து ஆள் வந்தது. காலி செய்யும் பேச்சு அதோடு நின்றது.

உரித்த பிளாஸ்டிக்கை நசீம் பானு கழுவி, காயவைத்து, மடித்து மெத்தைக்கு அடியில் வைத்தாள். ரிமோட்டையும் பிரித்துவிடலாமே என்றேன்.

"அது இன்னா சோறா வடிக்குது, சிஸ்டரம்மா?" என்றாள்.