கேட்காமல் கட்டிய காப்பு

குகனேஸ்வரன் கையில் காப்புக் கட்டச் சொன்னது நான்தான். அந்தக் கூட்டத்தில் என் வாயை யாராவது ஊசி நூல் போட்டுத் தைத்திருக்கலாம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முதல் கரகம் எடுப்பவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார்கள். அடுத்த ஞாயிறு அதை அவிழ்க்கும்வரை அவர் தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டக்கூடாது. நாலு தலைமுறையாக லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வந்த மரியாதை. இந்த வருஷம் நான் எழுந்து, தண்ணி கொடுக்கிறவனுக்குக் கட்டாமல் வேறு யாருக்குக் கட்டுவீர்கள் என்று கத்தினேன். பூசாரி வேலப்பன், வெளியாளுக்கா என்று இழுத்தார். வெளியாள் போட்ட குழாயில்தானே குளித்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். மனுஷன் நோட்டை எடுத்து அவன் பெயரை எழுதிக்கொண்டார்.

குகன் இலங்கை அகதி. ஒரு பையும் ஐ.நா. கார்டுமாக ஒன்பது வருஷத்துக்கு முன் கோலாலம்பூரிலிருந்து மலையேறி வந்து, லயத்துக் கடைசி அறையில் குடியேறினான். அப்போது எங்களுக்கு மழை பெய்தால் மண் தண்ணீர், பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. அவன் மலைக்கு மேலே ஓடையைக் கண்டுபிடித்து, கறுப்புக் குழாயைத் தோளில் போட்டு இழுத்து வந்தான். மேல் லயத்து வங்காளதேசத்துப் பையன்கள் மூன்று பேர் கூடப் பிடித்தார்கள். நீல டிரம்களில் மணலும் கரியும் போட்டு வடிகட்டினான். மண் சரிந்தால் குழாய் பிடுங்கிக்கொள்ளும். மழை விடுவதற்குள் அவன் மேலே ஏறிவிடுவான். நாங்கள் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்ப்போம். என் வீட்டு வாசல் குழாய் சரியாக மூடாது, தகர டிரம்மில் சளசளவென்று விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் எனக்கு இந்தத் தொண்டை வந்தது என்று கிண்டல் செய்வான்.

காப்புக் கட்டிய நாலாம் நாள், புதன்கிழமை, பக்கத்து ஊர் திரிங்காப்பில் இமிக்ரேசன் சோதனை. என் வீட்டுக்காரர் நல்லுசாமி காய்கறி லாரி ஓட்டுகிறவர், அவர்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார். வியாழன் காலை இன்னும் கிட்டத்து ஊரான கியா பார்மில் சோதனை என்று போன் வந்தது. அடுத்தது எங்கள் பக்கம்தான்.

கொழுந்து வெட்டப் போனவள் பாதியில் திரும்பினேன். அவனிடம் கார்டு இருக்கிறதே, பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். கார்டைக் காட்டச் சொன்னேன். செவ்வாய்க்கிழமையோடு அது முடிந்திருந்தது.

புதுப்பிக்கக் கோலாலம்பூருக்கு வரச்சொல்லி நாள் கொடுத்ததும் அதே செவ்வாய்தானாம். கையில் காப்பு இருந்ததால் போகவில்லையாம். போன் போட்டுக் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்தால் பார்க்கலாம் என்றார்களாம். ஏன்டா முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இவ்வளவு காலத்தில ஒருத்தரும் எனக்கு ஒரு மரியாதை செய்யேல்லை அக்கா. எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது?"

அடப்பாவி. கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது. பிடித்துக்கொண்டு போனால் எத்தனை மாதம் உள்ளே இருப்பானோ. திருப்பி அனுப்பிவிட்டால்? எல்லாம் என் வாயால் வந்த வினை. மேட்டில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தினேன்.

கோயிலுக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். காப்பை அவிழ்த்து என் கையில் கட்டுங்கள் என்றேன். வேலப்பனுக்கும் பயம். மனுஷனுக்குப் பயந்து அம்மன் காப்பை அவிழ்த்ததாக அவர் அப்பா காலத்திலும் கிடையாதாம். கட்டும் முன்பே சாவுத் தீட்டு இருந்து, அது தெரியாமல் கட்டியிருந்தால்தான் அவிழ்க்கலாம், அப்படிக் கட்டியது காப்பே இல்லை என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். காப்புக் கட்டும் முன் வீட்டில் சாவு உண்டா என்று கேட்பது முறை. யார் வீட்டில் எப்போது யார் செத்தார்கள் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் பல வருஷமாக யாரையும் கேட்பதில்லை. இவனையும் கேட்கவில்லை. ஒன்பது வருஷத்தில் நானும் ஒருநாள் கேட்டதில்லை.

"தம்பி, உன் வீட்டுல சாவு ஏதும் உண்டா?" என்று வேலப்பன் மெல்லக் கேட்டார்.

குகன் காப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஐயா. ரெண்டாயிரத்து ஒன்பது வைகாசி. முள்ளிவாய்க்கால்ல ஷெல் விழுந்தது. பங்கருக்குள்ள வச்சு மண்ணைத் தள்ளிப்போட்டு ஓடினனாங்கள். எட்டாம் நாள் காரியமும் செய்யேல்லை, முப்பத்தொண்டும் செய்யேல்லை. துடக்குக் கழிக்க எங்க நேரம்?"

அப்பாவை அவர்கள் ஐயா என்பார்கள், தீட்டைத் துடக்கு என்பார்கள். வேலப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு காப்பை அவிழ்த்து, அவன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அவன் கொண்டுவந்த தண்ணீர்தான். இன்று முழுகியதாக இருக்கட்டும், மீதியைத் திரும்பி வந்ததும் எல்லோருமாகச் செய்வோம் என்றார். கற்பூரம் காட்டி, புதுக் கயிறு எடுத்து என் கையில் கட்டினார்.

மூன்று மணிக்கு நல்லுசாமி அவனை லாரியில் ஏற்றினார். முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே ஒளியட்டும் என்றேன்.

"ஒளிஞ்சா கள்ளன்னு ஆயிடும்லா. என் பக்கத்துல உக்காரட்டும்" என்றார் அவர்.

சொன்ன மனுஷன் வண்டியை எடுக்கும் முன் கோயில் பக்கம் திரும்பி மூன்று தடவை கும்பிட்டார். எல்லைக் கல்வரை லாரிக்குப் பின்னாலேயே நடந்தேன். கையில் காப்பு, அதற்கு மேல் எனக்கு வழியில்லை.

அன்றைக்குப் போன் வரவில்லை. மலைப்பாதையில் லைன் கிடைக்காது என்று தெரியும், தெரிந்து என்ன செய்ய? வெள்ளிக்கிழமை காலை இமிக்ரேசன் வண்டி எங்கள் லயத்துக்கே வந்துவிட்டது. வங்காளதேசத்துப் பையன்களின் பெர்மிட்டைப் பார்த்தார்கள். கடைசி அறையைத் தட்டினார்கள். பூட்டியிருந்தது. யார் இருப்பது என்று என்னைக் கேட்டார்கள். அம்மா இறந்துவிட்டார், ஆள் போயிருக்கிறார் என்றேன். பொய்யில்லைதானே? வண்டி மேட்டைத் தாண்டியதும் என் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

"அக்கா, புதுக் காட் கிடைச்சிட்டுது" என்றான் குகன். அம்மா தாயே என்று நான் விம்மிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததாகக் கேட்டான். "தண்ணி வருதோ?"

முந்தின நாள் மழையில் மேலே குழாய் பிடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் நாலு ஆம்பளைகள் ஏறிப்போய், எந்த வால்வை மூடுவது என்று சண்டை போட்டுக்கொண்டு சேறும் சகதியுமாகத் திரும்பியிருந்தார்கள். சொன்னால் இவன் அலறியடித்துக்கொண்டு ஓடி வருவான்.

"நல்லா வருதுப்பா. நீ மெதுவா வா" என்றேன்.

அவன் போனைக் காதில் அழுத்துவது கரகரவென்று கேட்டது.

"பொய் சொல்லாதைங்கோ அக்கா. டிரம்மில விழுற சத்தம் கேக்கேல்லை."