கூட்டறிக்கையின் அடியில் அக்காவின் கையெழுத்து

பதினாறாம் நாள் காரியத்துக்கு மலை இறங்கியும் பஸ் ஏறியும் வந்திருக்கும் உறவுகளே, அக்காவோடு வேலை செய்தவர்களே, உங்களுக்கு என் வணக்கம். நினைவு மலர் என்றால் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எழுதுகிறேன். அதோடு இருபது வருஷத்துக்கு மேலாக என் நெஞ்சில் கிடக்கும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வீட்டில் அவரை வா, போ என்றுதான் பேசினேன். இங்கே 'அவர்' என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் மரியாதை மரியாதைதான்.

அக்கா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அம்மா கொழுந்தெடுத்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். எனக்குப் பின் ஒரு தம்பி பிறந்தான். அக்காவுக்கும் எனக்கும் இடையில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதில் இரண்டாவது பிள்ளையின் பிரசவத்தின்போது தோட்டத்து மருந்துக்காரருக்கு ஆள் அனுப்பி, அவர் வந்து சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது. வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தது அக்கா. அதைப் பற்றி அவர் பேசியதேயில்லை. படித்தால் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது வேலைக்குத்தான் என்று மட்டும் ஒற்றைக் காலில் நின்றார்.

எழுபதுகளின் பஞ்சத்தில் பாண் வரிசையில் நின்று வாங்கிய ரொட்டியில் தன் பங்கையும் என் பக்கம் தள்ளிவிட்டுப் படித்தவர் அவர். தோட்டத்தில் பிறந்தவர்கள் பிரஜாவுரிமைக் கடதாசி இல்லாமல் எந்த விண்ணப்பமும் போட முடியாது. அந்தக் கடதாசிக்காக அப்பா மாத்தளை அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்தார். கடைசியில் அது வந்தது, அக்காவுக்குத் தோட்டத்து மருத்துவமாது வேலையும் கிடைத்தது. என்னை ஆசிரியை ஆக்கியது அந்தச் சம்பளம்தான். அக்கா கல்யாணம் முடிக்கவில்லை. கேட்டு வருகிறவர்களிடம், "எனக்கு வருசத்துக்கு நாப்பது புள்ள பொறக்குது, இதுக்கு மேல என்னாத்துக்கு?" என்பார்.

மாதம் ஒருமுறை மேற்பார்வைக்கு வரும் மருத்துவமாது அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் கர்ப்பிணிகளை வரிசையாக உட்காரவைத்துச் சிங்களத்தில் கேட்பார். அக்கா பக்கத்தில் நின்று தமிழில் சொல்வார். ஒரு மாதம் அக்கா அடுத்த டிவிசனில் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். சுகமா, ஒரு கரைச்சலும் இல்லையே என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். சில நாளாகத் தலைசுற்றல் இருந்த முனியம்மா என்ற பெண், கேள்வி விளங்காமலே சிரித்துத் தலையாட்டியிருக்கிறாள். பெரிய ஆள் கேட்டால் தலையாட்டுவதுதானே நமக்குத் தெரிந்த மரியாதை. சுகம் என்று எழுதியாயிற்று. பத்து நாளில் வலிப்புக் கண்டு, லொறியில் மாத்தளைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவள் போய்விட்டாள்.

அன்றைக்கு அக்கா சோறு தின்னவில்லை. "மேல வர்ற அம்மா நம்ம பேச்சுத் தெரிஞ்சவளா இருந்திருந்தா முனியம்மா இருந்திருப்பா," என்றார். அதற்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை, மாவட்டத்தில் ஒரு மேற்பார்வை மருத்துவமாதாவது தோட்டத்திலிருந்து வர வேண்டும் என்பது. தானே வர வேண்டும் என்றும் ஆசைப்பட்டார். அதை மறைத்து அவரைச் சாமியாராக்க நான் விரும்பவில்லை.

அதற்கு வழி மருத்துவமாதர் சங்கத்தின் மாவட்டக் கிளை. மேற்பார்வைப் பயிற்சிக்கு யார் போவது என்று கிளைதான் வாக்கெடுத்துப் பெயர் கொடுக்கும். தோட்டத்து மருத்துவமாதர் அதில் இல்லை. வரக்கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை, வாருங்கள் என்று யாரும் கூப்பிடவுமில்லை, அவ்வளவுதான். அக்கா தானாகப் போய் மூலையில் உட்கார்ந்தார். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி இன்னும் எட்டுப் பேரைச் சேர்த்தார். நகர ஆஸ்பத்திரியில் மருத்துவமாதாக இருந்த பரீதா ராத்தா மட்டும் அவர்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சிங்களத்தில் நடப்பதைத் தமிழில் காதில் சொல்வார்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிந்திய காலம் அது. இருட்டுமுன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. தோட்டத்து மருத்துவமாதரை வாக்குரிமையோடு சேர்ப்பதா என்று கிளை பேசிய நாளில் நானும் மாத்தளையில் இருந்தேன். அரசாங்கக் கல்விக் கந்தோரில் ஓர் அலுவல் முடிந்து, அக்காவைக் கூட்டிப்போகக் கூட்ட அறை வாசலில் நின்றேன். வாதம் நீண்டது. கடைசியில் சேர்ப்போம் என்று வாயால் சம்மதித்தார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

கிளையில் ஒரு பழக்கம் இருந்தது. கூட்டம் நடக்கும்போது அறிக்கை எழுதுவதில்லை. முடிந்ததும் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் எல்லோரும் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். செயலாளர் சுமனா நோனா பிறகு ஆறுதலாக மேலே எழுதுவார். அன்று அக்கா பேனையைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். எழுதிய பிறகு போடுவோமா என்று பரீதா ராத்தாவிடம் கேட்டார். வாசலில் நின்ற நான்தான் அவசரப்பட்டேன்.

"போட்டுட்டு வாக்கா, மூணு மணி பஸ் போயிரும்."

அக்கா போட்டார். அவர் போட்டதைப் பார்த்து எட்டுப் பேரும் போட்டார்கள். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் நான், எழுதாத தாளில் கையெழுத்துப் போடவைத்தேன்.

எங்கள் பஸ்ஸும் பரீதா ராத்தாவும் போன பிறகு மீதிப் பேர் இருந்து பேசியிருக்கிறார்கள். இவர்கள் முதலில் பழகட்டும், வாக்குப் பிறகு பார்க்கலாம் என்று. சுமனா நோனா அதையே எழுதினார். அடுத்த மாதம் அறிக்கை வாசித்தபோது, தோட்டத்தவர் வாக்கில்லாத உறுப்பினர் என்றிருந்தது. பரீதா ராத்தா எழுந்து கத்தினார். தலைவி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஒன்பது தமிழ்க் கையெழுத்துகள். அதை மாற்ற ஆண்டுக் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டுமாம். வாக்குக் கேட்க வாக்கு வேண்டும். நல்ல நியாயம்!

அன்றும் அக்காவைக் கூட்டிவரப் போயிருந்த நான், திரும்பி வரும் பஸ்ஸில் அழுதேன். அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஏன்டி அழுவுற, போட்ட கை என்னோடதுதானே," என்றார். பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த கிழமை, நான் படிப்பித்த பள்ளிக்கூடத்திலிருந்து சின்ன வகுப்புச் சிங்களப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். முப்பதைத் தாண்டிய வயதில் அடுப்படியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினார். பேசத் தெரிந்த சிங்களத்தை வாசிக்கவும் பழகினார். எனக்கும் படி என்றார். நான் சாக்குச் சொல்லித் தப்பிவிட்டேன்.

வாக்கில்லாத உறுப்பினராகவே மாதாமாதம் போனார். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது கிளர்ச்சிக் காலத்தில், பிணங்கள் ஒதுங்கிய ஆற்றங்கரைப் பக்கம் பார்க்கவே எல்லோரும் பயந்தார்கள். கூட்டமும் நின்றது. மறுபடி தொடங்கியபோதும் அக்கா அதே மூலையில் இருந்தார். ஒவ்வொரு முறையும், அறிக்கையை எழுதி இரண்டு பாஷையிலும் வாசித்த பிறகுதான் கையெழுத்து என்பார். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள். எத்தனையோ கூட்டத்தில் அவருடைய இடம் மட்டும் கையெழுத்தில்லாமல் கிடந்தது. எனக்கே சில சமயம் எரிச்சல் வந்தது. ஊரோடு ஒத்துவாழ் என்று அவருக்கே புத்தி சொன்னேன். எனக்கு என்ன வாய்!

ஒருநாள், யாரும் எதிர்பாராமல், சுமனா நோனாவே எழுந்தார். அந்த அறிக்கையை எழுதியது தன் கை என்றும், அதைத் திருத்தாமல் ஓய்வுபெறத் தன்னால் முடியாது என்றும் சொன்னாராம். ஆண்டுக் கூட்டத்தில் பிரேரணையைக் கொண்டுவந்தது அவர்தான். நிறைவேறியது. அன்றைக்கு அறிக்கையைக் கூட்டத்திலேயே எழுதினார்கள். சிங்களத்தில் சுமனா நோனா வாசித்தார், தமிழில் அக்கா வாசித்தார். மூன்று மணி பஸ் போய்விட்டது. எல்லோரும் அடுத்த பஸ்ஸில் போனார்கள்.

ஆனால் பயிற்சிக்கு வயது எல்லை உண்டு. அக்கா அதை எப்போதோ தாண்டியிருந்தார். கிளை முதன்முதலில் கொடுத்த தோட்டத்துப் பெயர் செல்வராணி, அக்கா சேர்த்த எட்டுப் பேரில் இளையவர். அதற்குக் கையுயர்த்திவிட்டு வந்த அக்கா, சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் சாய்ந்தார். "சந்தோசம்தான். ஆனா அலுத்துப் போச்சுடி," என்றார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். பிற்பாடு ஒரு வருஷம் அவரைக் கிளையின் உபதலைவியாக்கி மாலை போட்டார்கள். மாலை கழுத்தை அரிக்கிறது என்று கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டார்.

கடைசி மாதம் கண்டி ஆஸ்பத்திரியில் கழிந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் தாதி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, உறவினர் கையெழுத்து வேண்டும், டொக்டர் காத்திருக்கிறார் என்றார். படிவம் சிங்களத்தில் இருந்தது. நான் பேனையை எடுத்தேன். அக்கா குழாய் குத்திய கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாசிச்சியா?"

இல்லை என்று தலையாட்டினேன். படிவத்தை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு வரியாகத் தமிழில் எனக்குச் சொன்னார். உயிருக்கு ஆபத்து வரலாம் என்ற வரியையும் விடவில்லை. தாதி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "இப்ப போடு," என்றார். அக்கா கடைசியாக வாசித்தது அதைத்தான்.

இரத்தம் தந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், தேநீரும் சாப்பாடும் சுமந்துவந்த பரீதா ராத்தாவுக்கும், கொள்ளி வைத்த தம்பி மகனுக்கும், தள்ளாத வயதில் ஊன்றுகோலோடு வந்து அக்காவின் காலடியில் வெகுநேரம் நின்ற சுமனா நோனாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. பாடை தூக்குமுன், மேற்பார்வையை முடித்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவிலிருந்து நேராக ஓடிவந்த செல்வராணிக்குத் தனியாக நன்றி. அன்று அவர் பார்த்துவிட்டு வந்த பெண், தலைசுற்றுகிறது என்று அவரிடம் தமிழில் சொல்லியிருக்கிறாள்.

இந்த மலரை அச்சடிப்பவர், எழுத்துக் கோத்து முடிய நாளாகும், இப்போதே கீழே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் ரீச்சர் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். மூன்று தடவை மாத்தளைக்கு அலைந்து, முதல் எழுத்திலிருந்து இங்கே வரை அவர் முன்னால் சத்தமாக வாசித்தேன்.

அக்கா, வாசிச்சிட்டேன். இப்ப போடுறேன்.

தங்கை