குலுக்கிய டயர், பாதியில் திரும்பிய பயணம்

விஜயநகர் டயர் கடைக்காரரே, என் மனைவி தன் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு நீங்கள்தான் காரணம்.

முதுகில் ஆபரேஷன் ஆனவள் அலுங்காமல் போகத்தான் சொகுசு கார் வாங்கினேன். உங்களிடமும் அதைச் சொன்னேன். "பெரிய வீல், மெல்லிசு டயர் போடுங்க சார், கெத்தா இருக்கும்" என்றீர்கள். போட்டேன்.

அதன்பின் ஒவ்வொரு வேகத்தடை ஹம்ப்பிலும் அவள் துடித்தாள். "இவ்வளவு பெரிய காருல என்னடி குலுங்குது?" என்று திட்டினேன். அவள் ஊரான மார்டள்ளியில் மாமியார் இறந்த அன்று, அங்கே போகும் பாதி வழியில், "முடியலைங்க, திருப்பிடுங்க" என்று அழுதாள். திருப்பினேன்.

கார்க் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும் சரியான டயர் அளவைப் பிறகு ஒரு மெக்கானிக் காட்டினார். "இவ்ளோ மெல்லிசா இருந்தா குழியெல்லாம் முதுகுலதான் சார் இறங்கும்" என்றார். இப்போது அதைப் படிக்காமல் டயர் மாற்றுவதில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தெரிந்தும் ஏன் போட்டீர்கள் என்று நீங்கள் இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள்.